பூசினாற்போல

சருகை யாரோ மிதிப்பது போன்ற அந்தச் சரசரப்பை அருளப்பன் பல வருடங்களுக்கு முன் கேட்டார். தாயின் தோளில் துவண்டு கிடந்த பெண்குழந்தையை வாங்கிக் கட்டிலில் கிடத்தியபோது எழுந்தது அது. குழந்தைக்கு மாட்டியிருந்த பிளாஸ்டிக் ஜட்டியின் சத்தம்.

கிராமத்தில் வெகுகாலம் வைத்தியம் பார்த்துவிட்டு, தோல் மருத்துவம் கற்க வந்தவர் அவர். பேராசிரியை செந்தாமரை அவரைவிட இளையவர்.

குழந்தையின் கைகால் சில்லிட்டிருந்தது. கண் திறக்கவில்லை.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தா," என்றாள் கூட வந்த அத்தை. "பொறந்தப்ப எலும்பும் தோலுமா கெடந்தா. இப்பதான் பூசினாப்ல இருக்கா."

செந்தாமரை நிமிர்ந்தார். "எதைப் பூசினாப்ல?"

அத்தை விழித்தாள். தாய் இசக்கியம்மாள் மடியிலிருந்து ஒரு களிம்பை எடுத்தாள். குழந்தையின் இடுப்புக்குக் கீழே இருந்த புண்ணுக்குத் தடவியது. தடவினால் மறையும், விட்டால் வரும். மாதக்கணக்காய்த் தடவி, மேலே ஜட்டியை மாட்டியிருக்கிறாள்.

"ஸ்டீராய்டுன்னு சொன்னாவ. பயந்துபோயி முந்தாநாள் நிறுத்திட்டேன்."

"நல்ல காரியம்," என்றார் அருளப்பன்.

செந்தாமரை ஜட்டியை உருவி எறிந்தார். "சிஸ்டர், ஹைட்ரோகார்ட்டிசோன். குளுக்கோஸும்."

"அதுவும் ஸ்டீராய்டுதானே மேடம்?"

"ஊசியப் போடுங்க சார். கேள்வி அப்புறம்."

நரம்பு நழுவி நழுவி, கடைசியில் அகப்பட்டது. மருந்து இறங்கியது. இனிக் காத்திருக்க வேண்டியதுதான்.

"வெளியே தடவினதுதானே மேடம்? தோல் ஒரு மதில் இல்லையா? எப்படி உள்ளே போச்சு?"

"என்னைவிட மூத்தவர். கேள்வி மட்டும் பால்வாடிக் கேள்வி." செந்தாமரை தலைவலித் தைலத்தை நீட்டினார். "உள்ளங்கையில தேய்ங்க. உறைக்குதா?"

"இல்லை."

"இமையில தேய்ங்க."

அருளப்பனின் கை பாதியில் நின்றது.

"சரி, புறங்கையில தேய்ச்சு கையுறையை மாட்டுங்க. கழற்றாம குழந்தையோட நாடியைப் பாருங்க."

நாடி நூல் போல ஓடியது. கையுறைக்குள் வியர்த்தது. முதலில் குளிர்ச்சி, பிறகு சூடு, பிறகு எரிச்சல். அவர் விரலை எடுக்கவில்லை. இசக்கியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எரியுதா சார்?"

"எரியுது."

"மதில் அதேதான். மூடி வச்சு ஊறவிட்டோம்."

வெகுநேரம் கழித்து அவர் விரலுக்கடியில் நாடி சற்றுத் தடித்தது. குழந்தை காலை உதைத்து, பூனைக்குட்டி போல அழுதது.

"அப்போ நிறுத்தினது தப்பா மேடம்?"

"வெளியே இருந்து கொட்டிக்கிட்டே இருந்தா, உள்ளே சுரக்கிறது நின்னுபோகும். அது திரும்பச் சுரக்கிற வரைக்கும் நாமதான் ஊத்தணும். கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு."

அருளப்பன் கையுறையைக் கழற்றினார்.

இசக்கியம்மாள் குழந்தையின் உப்பிய கன்னத்தைத் தொட்டாள். "இது வத்திருமாம்மா?"

"வத்தட்டும், அது மருந்து ஊதினது. மிஞ்சுறதுதான் உன் பிள்ளை."

அந்தக் குழந்தை, பொன்மலர், இப்போது நர்ஸிங் படிக்கிறாள். ஒல்லியான பெண்.