முயலைப் பாத்துக்கிட்ட எருமை

மூங்கில் நிறைஞ்ச ஒரு காட்டுல ஒரு ஏரி இருந்துச்சு, பிள்ளைங்களா. ஒரு வருஷம் மழை ஏமாத்திருச்சு, ஏரி வத்திருச்சு. வேற காடா இருந்தா உக்காந்து அழுதிருக்கும். இந்தக் காட்டு மிருகங்க அந்தத் தரையில இந்தப் பக்கம் ரெண்டு கம்பு, அந்தப் பக்கம் ரெண்டு கம்பு நட்டு, கால்பந்து ஆட ஆரம்பிச்சிருச்சுங்க.

டீமுக்குக் கோச்சு ஒரு உண்ணிக்கொக்கு. அது பந்தைக் காலால தொட்டதே கிடையாது. தொட்டா கால் ஒடிஞ்சிரும். ஆனா யாரு எங்க நிக்கணும், யாரு எப்ப ஓடணும்னு அந்தக் காட்டுல அதுக்குத்தான் தெரியும்.

கோலுக்கு முன்னாடி நின்னு தடுக்கிற வேலை ஒரு எருமைக்கு. சொன்ன பேச்சைத் தட்டாத எருமை. "நில்லு"ன்னா நிக்கும். "போதும், வா"ன்னு சொல்ற வரைக்கும் நிக்கும். ஒரு தடவை அப்படிச் சொல்ல மறந்துட்டாங்க. மறுநாள் காலையில போய்த்தான் கூட்டிட்டு வந்தாங்க.

கொக்கும் எருமையும் ரொம்ப நாள் சிநேகம். எருமை முதுகுல இருக்கிற உண்ணிதான் கொக்குக்குச் சாப்பாடு. கொக்கு கொத்துற சுகத்துலதான் எருமைக்கு மத்தியானத் தூக்கம். கொக்கு இல்லாத எருமையைக் காட்டுல யாரும் பாத்தது இல்லை.

ஆத்துக்கு அந்தப் பக்கத்து டீமோட நாலு ஆட்டம்னு பேச்சு. மூணு முடிஞ்சிருச்சு. மூணும் தோல்வி. மொத்தம் பதினோரு கோல் வாங்கியிருந்தாங்க. பதினொண்ணும் ஒரே முயல் போட்டது. பதினொண்ணும் எருமைக்குப் பக்கத்துல புகுந்து போட்டது.

காடு ரெண்டாப் பிரிஞ்சிருச்சு.

"கோச்சை மாத்தணும்"னு குரங்கு சொல்லுச்சு. "எருமை முதுகுல உக்காந்து தின்னுக்கிட்டே இருக்கிறவருக்கு ஆட்டம் எங்க கண்ணுல படும்?"

"கோச்சு என்னய்யா பண்ணுவாரு?"ன்னு காட்டுப்பன்றி சண்டைக்கு வந்துச்சு. "அவரே இறங்கி உதைக்கவா முடியும்? ஆடுறவன் சரியில்லை."

ரெண்டும் வாழ்க்கையில ஒரு ஆட்டம் ஆடினது இல்லை.

சத்தம் தாங்காம, காட்டுக்குத் தலைவரா இருந்த யானை கொக்கையும் எருமையையும் கூப்பிட்டுச்சு. யானைக்கு நீளமான பேச்சு பிடிக்காது. "நாளைக்குக் காலையில விசாரணை. தப்பு கொக்கு மேலயா, எருமை மேலயா? எனக்கு ஒரே ஒரு பேரு வேணும். அந்தப் பேருக்காரர் டீமை விட்டுப் போகணும், காட்டை விட்டும் போகணும்"னு சொல்லிட்டு நடந்துருச்சு.

அன்னிக்கு மத்தியானம் எருமை வழக்கம்போல நிழல்ல படுத்துச்சு. கொக்கு வரலை. தள்ளி ஒரு கல்லு மேல நின்னுக்கிட்டு இருந்துச்சு.

"அண்ணே, மேல வரலையா?"

"வேண்டாம் தம்பி. நாளைக்கு விசாரணை. இப்ப உன் முதுகுல உக்காந்தா பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

"என்ன சொல்லுவாங்க?"

"ஏதாவது சொல்லுவாங்க."

எருமைக்கு விளங்கலை. முதுகு அரிச்சுது. எழுந்து போய் வேப்பமரத்துல உரசிப் பாத்துச்சு. எங்க அரிக்குதுன்னு மரத்துக்கு எப்படித் தெரியும்? திரும்பி வந்து படுத்துச்சு. தூக்கம் வரலை. அண்ணன் சொன்னதைத்தானே செஞ்சோம், அப்புறம் ஏன் தள்ளிப்போய் நிக்கிறாருன்னு அதுக்கு ஒரே யோசனை. நாளைக்கு ரெண்டுல ஒருத்தர் போயாகணும். யாரு போனாலும் இந்த நிழல்ல ஒருத்தர்தான் மிச்சம். அது மட்டும் எருமைக்கு நல்லா விளங்குச்சு.

காலையில காடே கூடிருச்சு.

"கொக்கு, நீ முதல்ல. சுருக்கமா"ன்னுச்சு யானை.

"தலைவரே, நான் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன். 'தம்பி, முயலைப் பாத்துக்கோ'ன்னு. ஆட்டத்துக்கு முன்னாடி சொன்னேன். ஆட்டம் நடக்கும்போது கத்தினேன். தொண்டை கட்டினதுதான் மிச்சம்."

"எருமை, இவர் அப்படிச் சொன்னாரா?"

"சொன்னாருங்க."

"நீ முயலைப் பாத்துக்கிட்டியா?"

"பாத்துக்கிட்டேங்க. கண்ணைக்கூடச் சிமிட்டலை."

"அப்புறம் எப்படிக் கோல் விழுந்துச்சு?"

"அதையும் பாத்தேங்க."

கூட்டத்துல யாரோ இருமினாங்க. தன் பேச்சை யாரும் நம்பலை போலன்னு எருமை நினைச்சு, விவரமா சொல்ல ஆரம்பிச்சுது. "முயலுக்கு ஒரு காது நுனி கிழிஞ்சிருக்கும். ஓடி வரும்போது முதல்ல வேப்பமரத்துப் பக்கம் ரெண்டு எட்டு வைக்கும். சட்டுனு மடைப் பக்கம் திரும்பும். இடது காலால அடிக்கும். அடிச்சதும் வாலை ஒரு தடவை ஆட்டிக்கும். பதினோரு கோலும் அப்படித்தான். மூணாவது கோலுக்கு மட்டும் ரெண்டு தடவை ஆட்டுச்சு."

கொக்கு கழுத்தை நீட்டி எருமையையே பாத்துச்சு. அப்புறம் மெதுவா கேட்டுச்சு: "தம்பி, நான் பாத்துக்கோன்னு சொன்னேனே, அதுக்கு என்ன அர்த்தம்னு நினைச்சே?"

"பாக்கச் சொன்னீங்கன்னு நினைச்சேன்."

"பாத்துட்டு?"

"பாத்துக்கிட்டே இருக்கச் சொன்னீங்கன்னு."

காடே சிரிச்சுது. காட்டுப்பன்றி புரண்டு புரண்டு சிரிச்சுது. குரங்கு அதுவரைக்கும் கொக்கு மேலதான் தப்புன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. இப்ப கட்சி மாறிருச்சு. "பேரு கிடைச்சிருச்சு, தலைவரே. எழுதிக்கோங்க."

"எருமை"ன்னு யானை சொல்லுச்சு. "நீ கிளம்பலாம்."

சொன்ன பேச்சைத் தட்டாத எருமை இல்லையா? எந்தப் பக்கம் போகணும்னுகூடக் கேக்காம, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சுது.

கொக்கு பறந்து வந்து அது முன்னால இறங்குச்சு. "நில்லு."

எருமை நின்னுச்சு.

"தலைவரே, பேரைத் திருத்தணும்"னுச்சு கொக்கு. "கொக்குன்னு போடுங்க. மூணு ஆட்டமா ஒரே வார்த்தையைக் கத்திக்கிட்டு இருந்தேன். இவன் எப்படி எடுத்துக்கிட்டான்னு ஒரு தடவைகூடக் கேக்கலை. நாள் முழுக்க இவன் முதுகுலதான் உக்காந்திருக்கேன். காது ரெண்டு எட்டு தூரம். கேட்டிருக்கலாம்."

எருமை தரையைப் பாத்துக்கிட்டே சொல்லுச்சு: "எருமைன்னே இருக்கட்டுங்க. எனக்கு ரெண்டாவது ஆட்டத்துலயே சந்தேகம் வந்துருச்சு. சும்மா பாக்கிறதுக்கா நம்மளை நிறுத்தியிருப்பாங்கன்னு. நான் கேக்கலை."

"ஏன் கேக்கலை?"ன்னுச்சு யானை.

"கேட்டா எருமைன்னு சொல்லிருவாங்களோன்னு பயம்."

"நீ எருமைதானேப்பா."

"ஆமாங்க. அதனாலதான் பயம்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கலை.

யானை தும்பிக்கையால நெத்தியைத் தடவிக்கிச்சு. "நேத்து வரைக்கும் எல்லாரும் அடுத்தவனைக் காட்டினீங்க. இன்னிக்கு ரெண்டு பேரும் என்னைப் போடு, என்னைப் போடுன்னு நிக்கிறீங்க. நான் கேட்டது ஒரு பேரு. சரி, நாலாவது ஆட்டம் முடியட்டும். அப்புறம் சொல்றேன்."

கூட்டம் கலைஞ்சுது. கொக்கு ஒரு நிமிஷம் தயங்கிட்டு, எருமை முதுகுல ஏறி உக்காந்துச்சு. வலப்பக்கத் தோள்கிட்ட நாலு உண்ணி இருந்துச்சு. கொக்கு அதை முதல்ல எடுத்துச்சு. எருமை கண்ணை மூடிக்கிச்சு.

அப்புறம் கொக்கு சொல்லுச்சு: "தம்பி, இனிமே அந்த வார்த்தையே வேண்டாம். முயலுக்கும் கோலுக்கும் நடுவுல நீ நிக்கணும். அது நகர்ந்தா நீயும் நகரணும். இப்ப இதை நீ உன் வாயால சொல்லு."

"முயல், நான், கோலு. இந்த வரிசை குலையக் கூடாது. சரியா அண்ணே?"

"சரி."

"ஒரு சந்தேகம்." எருமை வாய்விட்டுக் கேட்ட முதல் சந்தேகம் அதுதான். "வேப்பமரத்துப் பக்கம் முயல் வைக்கிற ரெண்டு எட்டும் பொய் எட்டுதானே? அதுக்கும் நான் நகரணுமா?"

கொக்கு கொத்துறதை நிறுத்திருச்சு. அந்த முயலை ஆத்துக்கு இந்தப் பக்கம் இவ்வளவு உன்னிப்பா பாத்தவங்க வேற யாரும் இல்லைன்னு அப்பத்தான் அதுக்கு உறைச்சுது.

"இதை ஏன்டா முன்னாடியே சொல்லலை?"

"நீங்க கேக்கலையே அண்ணே."

கொக்கு "அதுக்கு நகர வேண்டாம்"னு மட்டும் சொல்லுச்சு.

நாலாவது ஆட்டம் வந்துச்சு. முயல் பந்தோட ஓடி வந்துச்சு. வேப்பமரத்துப் பக்கம் ரெண்டு எட்டு வச்சுது. எருமை அசையலை. முயல் சட்டுனு மடைப் பக்கம் திரும்புச்சு. திரும்பின வேகத்துல எருமை வயித்துல போய் மோதி, அப்படியே உக்காந்துருச்சு. இந்த இடத்துல சுவர் எப்ப கட்டினாங்கன்னு தடவித் தடவிப் பாத்துச்சு. ஆறு தடவை வந்துச்சு. ஆறு தடவையும் அதே வயிறுதான்.

நம்ம பக்கத்து மான் ஒரு கோல் போட்டுச்சு. ஆட்டம் முடியப் போற நேரத்துல முயல் பந்தைத் தான் அடிக்காம, ஓரமா நின்ன கீரிக்குத் தள்ளி விட்டுச்சு. கீரி சாவகாசமா அடிச்சுது. கோல். ஆட்டம் ஒண்ணுக்கு ஒண்ணுன்னு முடிஞ்சுது.

கரையில இருந்த கூட்டம் உடனே எழுந்துருச்சு. "யாரு தப்பு? கோச்சா, எருமையா?"

யானை மெதுவா நடந்து கோல்பக்கம் வந்துச்சு. மனசுக்குள்ள ஒரு பேரையும் தயாரா வச்சிருந்துச்சு.

அங்க கொக்கும் எருமையும் தலையோட தலை சேத்து நின்னுக்கிட்டு இருந்துச்சுங்க.

"கீரி வந்தப்ப நீ என்ன நினைச்சே?"

"முயலை விட்டு நகரக் கூடாதுன்னு நினைச்சேன் அண்ணே. கீரியைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலை."

"சொல்லலைதான். ரெண்டு பேர் வந்தா என்ன பண்றதுன்னு நான் யோசிக்கவே இல்லை."

"கீரி தனியா நிக்கிறது எனக்குத் தெரிஞ்சுது. நானும் ஒரு குரல் கொடுத்துக் கேட்டிருக்கணும்."

"சரி, அங்க போய் நில்லு. நான் கீரி. நீ எப்படித் திரும்புவேன்னு காட்டு."

யானை கொஞ்ச நேரம் காதை ஆட்டிக்கிட்டு நின்னுச்சு. ரெண்டும் நிமிர்ந்தே பாக்கலை.

"பேரைச் சொல்லுங்க, தலைவரே"ன்னு குரங்கு கரையிலேருந்து கத்துச்சு.

"அவங்க பேசிக்கிட்டு இருக்காங்க. நீங்க வீட்டுக்குப் போங்க"ன்னு சொல்லிட்டு யானையும் தன் வழியில நடந்துச்சு.

நீதி: சொன்னவர் "விளங்குச்சா?"ன்னு கேக்கணும், கேட்டவர் "விளங்கலை"ன்னு சொல்லணும். ரெண்டும் நடக்காத இடத்துல தப்பு ஒருத்தரோடது இல்லை.