தரை இல்லாத மூன்று வீடுகள்

தூக்கணாங்குருவி மஞ்சப்பனும் அவன் மனைவி தவிட்டாயியும் குடியிருந்த ஈச்சமரம் ஒருநாள் வேரோடு சாய்ந்து பாழுங்கிணற்றுக்குள் விழுந்தது. அதில் தொங்கிய கூடுகளும் மரத்தோடு போயின. நல்லவேளை, எந்தக் கூட்டிலும் அப்போது முட்டையோ குஞ்சோ இல்லை.

மற்றக் குருவிகள் அதிகம் யோசிக்கவில்லை. ஓடைக்கரையில் ஒரு கருவேலமரம் இருந்தது. முள் இருந்தால் பாம்பு ஏற யோசிக்கும், கீழே தண்ணீர் இருந்தால் பூனை வராது, அவ்வளவு போதும் என்று மொத்தக் கூட்டமும் அங்கே போய் நார் கிழிக்க ஆரம்பித்துவிட்டது.

மஞ்சப்பன் மட்டும் போகவில்லை.

"ஒருத்தன் போனா அவன் பின்னாடியே போறதுக்கு நாம என்ன ஆட்டு மந்தையா? ஊர் மாறுறது சின்ன விஷயமா புள்ள? நாலு இடம் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணணும்" என்றான்.

தவிட்டாயிக்கு அதில் குற்றம் தெரியவில்லை. எதையும் பார்த்துச் செய்கிற புருஷன் கிடைத்தானே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பாவம், அவளுக்கு அப்போது தெரியாது.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண்தான் கூடு பின்னும். ஆனால் முதலிலேயே முழுக்கூட்டைப் பின்னிவிடாது. கவிழ்த்த தொப்பி போல மேல்பாதியை மட்டும் பின்னி, நடுவே உட்கார ஒரு குறுக்குப் பட்டை வைத்து நிறுத்திவிடும். பெண் வந்து அந்தப் பட்டையில் உட்கார்ந்து, நாரை இழுத்துப் பார்க்கும். அது "ஆகட்டும்" என்று சொன்ன பிறகுதான் முட்டை வைக்கத் தரை, உள்ளே வரப் போக வாசல் குழல் எல்லாம். பெண்ணுக்குப் பிடிக்காவிட்டால் அரைக்கூட்டோடு நஷ்டம் நின்றுவிடும். நல்ல வழக்கம்தான். ஆனால் எவ்வளவு நல்ல வழக்கமாக இருந்தாலும் அதைக் கெடுக்கவென்றே ஒருவன் பிறந்து வருவான்.

மஞ்சப்பன் முதலில் ஏரிக்கரைப் பனைமரத்தைப் பார்த்தான். ஓலை நுனியில் அழகாக அரைக்கூடு பின்னினான். தவிட்டாயி வந்து பட்டையில் உட்கார்ந்தாள். கீழே ஏரித் தண்ணீர் பளபளத்தது. காற்று சிலுசிலுவென்று வந்தது. நாரை இழுத்துப் பார்த்தாள். உறுதியாக இருந்தது.

"ஆகட்டும்" என்றாள்.

மஞ்சப்பன் உடனே ஈரக் களிமண் கொண்டுவந்து உள்சுவரில் அப்பி, ஒரு மின்மினியைப் பிடித்து அதில் ஒட்டினான். அதுதான் அவர்கள் வீட்டு விளக்கு. தரை இன்னும் இல்லை, விளக்கு வந்துவிட்டது. தவிட்டாயி தரையைப் பற்றிக் கேட்டதற்கு, இருக்கட்டும், கருவேலத்தையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று பறந்தான்.

கருவேலத்தில் இன்னொரு அரைக்கூடு ஆயிற்று. தவிட்டாயி அதிலும் உட்கார்ந்து பார்த்து "ஆகட்டும்" என்றாள். அங்கேயும் களிமண், அங்கேயும் மின்மினி. ஆனால் முன்பே அங்கே குடிவந்துவிட்ட சொந்தக்காரர்கள் போடுகிற சத்தத்தில் மனுஷன் யோசிக்கவே முடியவில்லை என்று மஞ்சப்பன் முகத்தைச் சுளித்தான். அவன் மனுஷன் இல்லை, குருவி. அதையும் யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

அந்தச் சமயம் பார்த்து டவுனிலிருந்து ஒரு மைனா வந்தது. அரிசி ஆலை வாசலில் நெல் சும்மா கொட்டிக் கிடக்கிறது, தேடிப் போக வேண்டியதே இல்லை, குனிந்தால் சாப்பாடு என்று அளந்துவிட்டுப் போனது. மறுநாளே ஆலை எதிரில் உள்ள மின்கம்பியில் மூன்றாவது அரைக்கூடு தொங்கியது. பச்சை நார் கிடைக்காததால் சாக்குப் பிரியையும் வைத்துப் பின்னியிருந்தான். தவிட்டாயி ஆலைத் தூசியில் தும்மினாள். தும்மிக்கொண்டே "ஆகட்டும்" என்றாள். அவளுக்கு எங்கேயாவது ஓர் இடத்தில் கால் பதிந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

அவனுக்கு அப்படி ஆகவில்லை. பனையில் தண்ணீர் உண்டு, நெல் தூரம். ஆலையில் நெல் உண்டு, தண்ணீர் இல்லை. கருவேலத்தில் இரண்டும் உண்டு, ஆனால் சொந்தக்காரர்களும் உண்டு. இதையே காலையில் ஒரு வரிசையிலும் மாலையில் இன்னொரு வரிசையிலும் சொல்லிக்கொண்டிருந்தான். ஊர் ஊராகப் போய் அங்கே இருப்பவர்களை விசாரிக்கவும் செய்தான். எல்லாருமே தங்கள் ஊரைத் திட்டினார்கள். ஏரிக்கரைக் கொக்கு கொசுவைச் சொன்னது. ஆலை அணில் லாரியைச் சொன்னது. ஆனால் ஒருவர்கூட ஊரைக் காலி செய்யவில்லை. மஞ்சப்பன் திட்டியதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தான்.

"ஆடிக் காத்து வரட்டும் புள்ள. எந்தக் கூடு நிக்குதுன்னு அதுவே காட்டிக் கொடுத்துடும்" என்றான்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். காற்று வந்தது. மூன்று கூடும் ஆடின. மூன்றும் நின்றன. பின்னுகிற வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. அதுதான் நமக்கு இன்னும் எரிச்சல்.

இதற்குள் தவிட்டாயிக்கு வயிறு கனக்கத் தொடங்கிவிட்டது. முட்டை வரப்போகிறது, இன்றைக்கே ஏதாவது ஒரு கூட்டுக்குத் தரை போடுங்கள் என்று அவனிடம் சொன்னாள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"ஒரு ரெண்டு நாள் தள்ளிப் போட முடியாதா?" என்று கேட்டான்.

தவிட்டாயி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மறுநாள் காலை பனைக்காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்று அவளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனான். அவன் ஓலைக்கு ஓலை தாவிக் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு நேரம் வந்துவிட்டது. வேறெங்கும் பறக்க முடியவில்லை. அரைக்கூட்டுக்குள் ஏறிப் பட்டையில் உட்கார்ந்தாள். சுவர் இருந்தது. கூரை இருந்தது. மின்மினி விளக்குக்கூட இருந்தது. முட்டை வந்தது. வெள்ளை வெளேரென்ற சின்ன முட்டை பட்டையில் பட்டு, உருண்டு, நேராக ஏரிக்குள் விழுந்தது.

தண்ணீரில் ஒரு வட்டம் எழுந்து பெரிதாகிக் கரையைத் தொட்டு அடங்கியது. தவிட்டாயி அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சப்பன் பறந்து வந்தான். அவனுக்கும் அழுகை வந்தது. ஆனால் வாய் சும்மா இருந்தால்தானே.

"நான்தான் சொன்னேனே, இந்தப் பனை சரிப்படாதுன்னு."

தவிட்டாயி திரும்பினாள்.

"வயித்துல இன்னொன்னு இருக்குங்க. நாளைக்குக் காலையில வந்துடும். அது எந்த ஊர்ல பொறக்கணும், சொல்லுங்க."

"அதைத்தான் நிதானமா யோசிச்சு..."

அவன் முடிப்பதற்குள் அவள் பறந்துவிட்டாள்.

நேராகக் கருவேலத்துக்குப் போனாள். அது சிறந்த இடம் என்பதால் அல்ல, பனையிலிருந்து பக்கம் என்பதால். அங்கே தொங்கிய அரைக்கூட்டில் ஏறி, தானே நார் கோத்துத் தரை பின்னத் தொடங்கினாள். பெண் குருவி தரை பின்னி யாரும் பார்த்ததில்லை. அவளுக்குப் பழக்கமும் இல்லை. நார் நழுவியது, முள் குத்தியது, ஒரு பக்கம் இறுகினால் மறுபக்கம் தளர்ந்தது. சொந்தக்காரக் குருவிகள் வேடிக்கை பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாக நார் கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தன. புருஷன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவு சத்தக்காரர்கள் அன்று வாயை மூடிக்கொண்டிருந்ததே பெரிய உதவி. பொழுது சாயும்போது கோணலாக, முரடாக ஒரு தரை ஆகியிருந்தது.

விடிந்ததும் அடுத்த முட்டை வந்தது. கொஞ்சம் உருண்டது. முட்டை தரையின் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

உச்சிவெயில் நேரத்தில் மஞ்சப்பன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். ராத்திரியெல்லாம் தூங்காமல் யோசித்து, காலையில் ஆற்றுப் பக்கம் போய் ஒரு மூங்கில் புதரைக் கண்டுபிடித்திருந்தான். தண்ணீர், நெல், காற்று மூன்றும் அங்கே இருக்கிறதாம், சொந்தக்காரர்கள் யாரும் இல்லையாம், ஒரே ஒரு அரைக்கூடு மட்டும் பின்னிப் பார்த்துவிடலாமாம். சொல்லிக்கொண்டே கூட்டைச் சுற்றி வந்தவன் அடியில் எட்டிப் பார்த்தான்.

"என்ன புள்ள இது, தரை இப்படிக் கோணிக்கிட்டு நிக்குது? இங்க முள்ளு வேற. சத்தம் வேற. இந்த ஊர் சரியில்லைன்னு நான் அன்னைக்கே சொல்லலை?"

"ஊர் சரியில்லைதாங்க" என்றாள் தவிட்டாயி, முட்டையை விட்டு எழுந்திருக்காமல். "ஆனா முட்டை விழலை."

மஞ்சப்பன் வாயைத் திறந்தான். கீழே ஓடை போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டு, வாசல் குழலுக்கு நார் கிழிக்கப் போனான்.

குறையே இல்லாத ஊர்தான் வேண்டும் என்று அலைகிறவன், கையிலிருக்கும் முட்டையை வைக்கவும் இடமில்லாமல் நிற்பான்.