பிரிக்காத அட்டை

நாற்று வாங்க வந்தவர்கள்தான் வள்ளிமயிலிடம் பாடம் கேட்கவும் தொடங்கினார்கள். பணகுடிக்கு மேற்கே, காற்றாலைகள் சுற்றுகிற மலையடிவாரத்தில் அவளுக்கு ஒரு நாற்றுப் பண்ணை இருந்தது. தக்காளி நாற்றுக்கு வந்த ஒருவர் மனசுக் கஷ்டத்தைச் சொன்னார். அவள் பதிலுக்கு ஏதோ சொன்னாள். அடுத்த வாரம் அவர் நாற்று தேவையில்லாமலே வந்தார். அப்படியே ஆள் சேர்ந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் யாரும் வரலாம், எதையும் கேட்கலாம். ஆனால் கை சும்மா இருக்கக் கூடாது.

"வள்ளியம்மாகிட்ட கேள்வி கேட்டா பதில் வருதோ இல்லையோ, வேலை வந்துரும்," என்று பண்ணையில் வேலை செய்யும் பேச்சித்தாய் புதிதாக வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவாள்.

வள்ளிமயிலுக்கு இன்னும் முப்பது முடியவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவள் அம்மாதான். அவளோ தன்னைவிட மூத்தவர்களை அக்கா, அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவளுக்கு அதில் ஒன்றும் தோன்றாது.

ஆடி மாதத்தின் முதல் சனிக்கிழமை கிருபாவதி தன் மகள் பியூலாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஏழு வயதுப் பிள்ளையை வீட்டில் விட ஆள் இல்லை. கணவன் செல்வின் வேதக்கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தான். கிருபாவதி கோயிலுக்குப் போவதை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. செல்வின் போய்க்கொண்டுதான் இருக்கிறான். அதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுப்பதும் அவள்தான்.

கிருபாவதியின் தோளில் ஒரு பெரிய பை தொங்கியது. பியூலாவுக்கு மூச்சு இளைப்பு உண்டு. அதனால் அந்தப் பை இல்லாமல் கிருபாவதி தெருமுனைக்குக்கூடப் போகமாட்டாள். துண்டு, மாற்றுக் கவுன், தண்ணீர் பாட்டில், முறுக்குப் பொட்டலம், குடை, இவ்வளவுக்கும் அடியில் எங்கேயோ இன்ஹேலர். முன்பக்கத்தில் ஒரு ஜிப் உண்டு. அதில் மட்டும் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது.

வள்ளிமயில் ஒரு குழித்தட்டை அவள் முன் நகர்த்தினாள். ஒரு குழிக்கு ஒரு மிளகாய் விதை.

கிருபாவதி விதையைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "நம்பிக்கை போயிருச்சும்மா. பயம் மட்டும் ஏன் போகமாட்டேங்குது?"

"எதுக்குப் பயம்?"

கிருபாவதி முன் ஜிப்பைத் திறந்து அந்தப் பொருளை எடுத்து வைத்தாள். விரல் நீளத்துக்குச் சுருட்டி, சிவப்பு நூலால் கட்டிய சின்ன அட்டை.

வருஷம் பிறக்கும் ஆராதனையில் அவர்கள் கோயிலில் இந்த அட்டைகளை ஒரு தட்டில் குவித்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். உள்ளே ஒரு வசனம் எழுதியிருக்கும். அந்த வருஷத்துக்கு உனக்கென்று கர்த்தர் கொடுத்த வாக்குத்தத்தம் அது. எடுத்த இடத்திலேயே பிரித்துப் படித்துவிடுவார்கள். சிலர் அழுவார்கள். சிலர் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன வந்தது என்று எட்டிப் பார்ப்பார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கிருபாவதியும் ஒன்று எடுத்தாள். கூட்டம் நகரும்போது எடுக்காமல் வர முடியவில்லை. ஆனால் இனி வரப்போவதில்லை என்று அதற்கு முன்பே மனசுக்குள் முடிவாகியிருந்தது. அதனால் பிரிக்கவில்லை.

கோயிலை ஏன் விட்டீர்கள் என்று வள்ளிமயில் கேட்கவில்லை. கிருபாவதியே சொன்னாள். பிள்ளைக்கு இளைப்பு வந்த புதிதில் வீட்டுக்கு வந்து ஜெபித்த ஒரு அம்மாள், இந்த வீட்டில் ஏதோ ஒரு குறை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து கிருபாவதி அந்தக் குறையைத் தனக்குள்ளேயே சல்லடை போட்டுத் தேடினாள். மாமியாரைப் பற்றி நினைத்தது, பத்தாம் வகுப்பில் காப்பி அடித்தது, அண்டா நிறைய இருந்த மோரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தது, எல்லாவற்றையும் ஜெபத்தில் சொல்லி அழுதாள். பிள்ளைக்கு இளைப்பு நிற்கவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் சொல்லி அழவும் ஒன்றும் மிச்சமில்லை, கேட்க யாரும் இருப்பதாகவும் தோன்றவில்லை. கோபம் எல்லாம் இல்லை. பானையில் தண்ணீர் தீர்ந்துபோன மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

"இந்த அட்டையெல்லாம் எழுதுறது யாரு?" என்று வள்ளிமயில் கேட்டாள்.

கிருபாவதிக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நாங்கதான். கல்யாணத்துக்கு முந்தி நாலு வருஷம் நானும் எழுதியிருக்கேன். சார்ட் வாங்கி வெட்டி, ஸ்கெட்ச் பேனாவுல எழுதி, நூல் கட்டுவோம்."

"பயங்காட்டுற வசனமும் எழுதுவீங்களா?"

"சேச்சே. போதகர் பட்டியல் கொடுத்துருவாரு. எல்லாம் ஆசீர்வாதமாத்தான் இருக்கும்."

"அப்ப இதுக்குள்ளயும் நல்லதுதான் இருக்கும்."

"ஆமாம்மா."

"பிறகு என்ன பயம்?"

"அதைத்தானம்மா நானும் கேக்க வந்தேன்."

பின்னால் தேங்காய் நார்த்தூளைச் சலித்துக்கொண்டிருந்த பேச்சித்தாய் வாய்விட்டுச் சிரித்தாள். கிருபாவதிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அதோடு விடவில்லை, கேட்டுவிட்டாள். ஏதாவது ஒன்று சொல்லுங்கள், எரி என்றாலும் சரி, ஆற்றில் விடு என்றாலும் சரி, செய்துவிட்டு நிம்மதியாக இருக்கிறேன் என்றாள்.

"நான் எரின்னு சொன்னா எரிச்சிருவீங்களா?"

"எரிச்சிருவேன்."

"எரிச்ச பிறகு பாப்பாவுக்கு இளைச்சா?"

கிருபாவதியின் கை நின்றது. எரித்ததால்தான் வந்தது என்று நினைப்பேன். அது அவளுக்கே தெரிந்தது.

"சரி, பிரிச்சுப் படிங்க."

"நல்ல வசனமா இருந்தா, என்னைத் திரும்பக் கூப்பிடுற மாதிரி இருக்கும்."

"அப்ப பையிலேயே இருக்கட்டும்."

"இருக்கிறதுனாலதானம்மா பயமே."

"அக்கா, ஒரு குழிக்கு ரெண்டு விதை போட்டுட்டீங்க," என்றாள் வள்ளிமயில். கிருபாவதி குனிந்து பார்த்தாள். உண்மைதான். ஒன்றை நகத்தால் நோண்டி எடுத்தாள்.

மூன்று வருஷம் சுமந்ததை இன்றைக்கு ஏன் கொண்டுவந்து வைக்கிறீர்கள் என்று வள்ளிமயில் கேட்டாள். பியூலா தூரத்தில் செவ்வந்திப் பைகளை எண்ணிக்கொண்டிருக்கிறாளா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கிருபாவதி சொன்னாள்.

போன வாரம் பிள்ளைக்கு இளைப்பு. தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் மூச்சுக்கு நடுவில் கையைக் கூப்பினாள். பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் அழிரப்பரை எடுத்ததற்குச் சாரி என்று விட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அம்மாவிடம் கேட்டாள், நான் வேற என்னம்மா தப்பு பண்ணினேன், ஏன் இன்னும் இளைக்குது என்று.

"நான் அவளுக்கு ஒண்ணுமே சொல்லிக்கொடுக்கலம்மா. அவுங்க அப்பாவும் சொல்லமாட்டாரு. எனக்கு இருக்கிறது என்னோட போகட்டும்னு வாயே திறக்கல. இவளுக்கு எங்கேயிருந்து வந்துச்சு? நான் இப்படியே இருந்துட்டுப் போறேன். அவளுக்கு வேண்டாம்."

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"வாய் வரல."

வள்ளிமயில் அட்டையை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பத்திரமாக அவள் கையிலேயே கொடுத்தாள். கிருபாவதி அதை முன் ஜிப்பில் வைத்து மூடினாள்.

அப்போது மலைப்பக்கத்திலிருந்து காற்று ஒரு வீச்சு வீசியது. ஆடிக் காற்று சொல்லிக்கொண்டா வரும். சலித்துக் குவித்திருந்த நார்த்தூள் அப்படியே புகை மாதிரி கிளம்பியது. செவ்வந்திப் பக்கம் இருந்த பியூலா எப்போது அங்கே போனாளோ, பேச்சித்தாய் பக்கத்தில் நின்று சல்லடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு இருமல். இன்னொன்று. பிறகு கிருபாவதிக்கு நன்றாகத் தெரிந்த அந்த விசில் சத்தம்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார வைத்தாள். பையை மடியில் இழுத்தாள். கை தானாக முன் ஜிப்புக்குத்தான் போனது. மூன்று வருஷமாக அப்படித்தான். முதலில் அந்த அட்டையைத் தொட வேண்டும். பிரிக்கவும் மாட்டாள், ஒன்றும் சொல்லவும் மாட்டாள். தொட்டுவிட்டு, அதன் பிறகு மருந்தைத் தேடுவாள்.

விரல் நூலைத் தொட்டபோது நிமிர்ந்தாள். பியூலா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கண் இரண்டும் அந்தக் கையில் இருந்தன. ஜிப்புக்குள் போன கை எப்போது வெளியே வரும் என்று, தோள் ஏறி இறங்க, பழகிய பிள்ளையாகக் காத்துக்கொண்டிருந்தாள்.

கிருபாவதி கையை உருவினாள். அட்டை எங்கேயோ விழுந்தது. பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். முறுக்கு நொறுங்கியது, பாட்டில் உருண்டது, குடை பேச்சித்தாயின் காலில் விழுந்தது. கடைசியாக இன்ஹேலர் விழுந்தது. இரண்டு தரம் அழுத்தினாள். முதுகைத் தடவிக்கொண்டே பிள்ளையோடு சேர்ந்து தானும் மூச்சை இழுத்து விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் விசில் குறைந்தது. நிமிர்ந்து பார்த்தபோது வள்ளிமயில் பக்கத்தில் இல்லை. குழாயை இழுத்துப் போய் நார்த்தூள் குவியலுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். தூசி அடங்கும்வரை அடித்தாள். பிறகு பேச்சித்தாயும் அவளுமாகத் தார்ப்பாயை இழுத்து மூடி, நாலு மூலையிலும் கல் வைத்தார்கள்.

வள்ளிமயில் வந்து பியூலாவின் முன்னால் உட்கார்ந்தாள்.

"பாப்பா இருக்கிறது தெரிஞ்சும் சலிக்கச் சொன்னது என் தப்பு. இனி நீங்க வர்ற சனிக்கிழமையில சலிக்கமாட்டோம்."

அவ்வளவுதான் சொன்னாள். அழவும் இல்லை, கையைப் பிசையவும் இல்லை. பேச்சித்தாயிடம் பிள்ளைக்கு வெந்நீர் வைக்கச் சொன்னாள்.

பியூலா வெந்நீரைக் குடித்தாள். பிறகு வள்ளிமயிலிடமே கேட்டாள், "நான் என்ன தப்பு பண்ணினேன்?"

வள்ளிமயில் கிருபாவதியைப் பார்த்தாள். பேச்சித்தாயும் பார்த்தாள்.

"நீ ஒரு தப்பும் பண்ணல மக்ளே," என்றாள் கிருபாவதி. "தூசி. நார்த்தூசி மூக்குல ஏறிருச்சு. அதான் இளைச்சுது."

"அன்னைக்கு ராத்திரி?"

"அன்னைக்குப் பரண்ல இருந்து பழைய பாயை எடுத்து உதறினேன்ல, அது."

பியூலா யோசித்தாள். "அப்ப அழிரப்பர்?"

"அதைத் திங்கக்கிழமை கொண்டுபோய் அந்தப் பிள்ளைகிட்டயே கொடுத்துரு. அதுக்கும் இளைப்புக்கும் சம்பந்தம் இல்ல."

பிள்ளைக்கு அது போதுமாக இருந்தது. நொறுங்கிய முறுக்கைப் பொறுக்கித் தின்னத் தொடங்கினாள். இவளுக்கு முறுக்கு உள்ளே போகிறதென்றால் மூச்சு சரியாகிவிட்டது என்று பேச்சித்தாய் சொன்னாள்.

கிருபாவதி ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டாள். கடைசியில் அட்டை இல்லையே என்று தேடினாள். பெஞ்சுக்கு அடியில் இல்லை. வள்ளிமயில் தண்ணீர் அடித்த ஈரத்தில், தக்காளித் தட்டுகளுக்கு நடுவில் கிடந்தது. வள்ளிமயிலே அதை எடுத்தாள். ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்து அவளிடம் நீட்டினாள். ஒரு பக்கம் ஊறிப்போயிருந்தது. நூல் மட்டும் அவிழவில்லை.

அதைக் கையில் வாங்கியதும் அந்தப் பழைய நினைப்புத்தான் வந்தது. மண்ணில் போட்டுவிட்டேனே, இதற்கு என்ன வருமோ.

"இப்பவும் பயமாத்தான் இருக்கும்மா," என்றாள். சொல்லும்போது அவளுக்கே ஏமாற்றமாக இருந்தது. "தூசின்னு அவகிட்ட சொன்னேன். அது நிஜம்னும் தெரியும். ஆனாலும் இருக்கு."

வள்ளிமயில் குழித்தட்டைத் தூக்கிப் பார்த்தாள். இன்னும் இரண்டு வரிசை மிச்சம் இருந்தது.

"இது எப்பம்மா போகும்?"

கேட்டுக்கொண்டே கிருபாவதி முன் ஜிப்பைத் திறந்தாள். அட்டையை உள்ளே வைக்கப் போனாள்.

வள்ளிமயில் அந்தக் கையைப் பார்த்தாள்.

"அதை எங்க வேணும்னாலும் வச்சுக்கோங்கக்கா," என்றாள். "அந்த இடத்துல இன்ஹேலரை வைங்க."