உள்பக்கத்துக் கைப்பிடி

சர்க்கரை ஏறுகிறது, நடங்கள் என்றார் டாக்டர். மரகதவல்லி நடக்கவில்லை, ஏறினாள். உயரமான கட்டடங்களில் படியேறிப் பந்தயம் வைக்கிற ஒரு கூட்டத்தில் ஐம்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தாள். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, அவர்களுக்கு முதல் மாடிக்கே லிஃப்ட் வேண்டும்.

அத்தோடு விட்டிருக்கலாம். பெருமை யாரை விட்டது? ஓரகத்தி புனிதாவிடம், அதுதான் கொழுந்தன் பெண்டாட்டியிடம், "முடிஞ்சா நீயும் வந்து பாரேன்" என்று சொல்லித் தொலைத்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ஒரே மாதத்தில் புனிதா அவளை முந்திக்கொண்டு மொட்டைமாடியில் நின்றாள். ரசம் வைப்பதிலிருந்து புடவை எடுப்பது வரைக்கும் இத்தனை வருஷம் தனக்குப் பின்னால் நின்றவள்!

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் மேலே வருகிறவர், அடுத்து வருகிறவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்ட வேண்டும். தினமும் புனிதாதான் நீட்டினாள். "இந்தாங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள். அந்தச் சிரிப்பில் ஒரு கள்ளமும் இல்லை. அதனாலேயே மரகதவல்லிக்கு வயிறு இன்னும் எரிந்தது.

மும்பையில் பெரிய போட்டி வந்தது. அவர்கள் வயதுக்காரர்களில் ஒருவருக்குத்தான் இடம். தேர்வுக்கு முதல் நாள் மரகதவல்லி, பயிற்சி கொடுக்கிற மாஸ்டரைத் தனியாகப் பிடித்தாள். மாஸ்டர் என்றால் நரைத்த தாடியெல்லாம் இல்லை. பெயர் ரோஸ்லின், வயதில் அவள் மகளைவிடச் சின்னவள்.

"மாஸ்டர், நாளைக்கு ஒரு நாளாவது அவ என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கணும். அதுக்கு என்ன செய்யணும்?"

"அவங்களுக்கு அவ்வளவு தாகமா?"

"விளையாடாதீங்க. பொறாமைன்னே வச்சுக்குங்க. சோறு இறங்கலை எனக்கு."

ரோஸ்லின் ஷூ கயிற்றை முடிந்துகொண்டே சொன்னாள். "நாளைக்கு நீங்க முதல்ல கிளம்புங்க. அவங்க ஒரு நிமிஷம் கழிச்சு வரட்டும். பின்னாலருந்து 'உள்ளே'ன்னு குரல் வந்தா வழி விட்டுடுங்க."

"அப்புறம்?"

"ஏறுங்க."

இதைக் கேட்கவா வந்தேன் என்று மரகதவல்லிக்கு எரிச்சலாக இருந்தது. படியேறுகிறவர்களுக்கு உள்பக்கத்துக் கைப்பிடிதான் உயிர். அதைப் பிடித்து இழுத்து ஏறினால் ஒவ்வொரு திருப்பத்திலும் தூரம் மிச்சம். வேகமாக வருகிறவர் "உள்ளே" என்று குரல் கொடுத்தால், முன்னால் போகிறவர் சுவர்ப் பக்கம் ஒதுங்கிவிட வேண்டும். அதுதான் மரியாதை. அந்த மரியாதையைப் போயும் போயும் புனிதாவுக்கா?

மறுநாள் காலை வாட்ச்மேன் கீழே விசிலடித்து அனுப்பினார். ரோஸ்லின் கடிகாரத்தோடு மேலே காத்திருந்தாள். மரகதவல்லி பாதி உயரம் தாண்டும்போதே பின்னால் காலடி கேட்டது.

"அக்கா, உள்ளே."

மரகதவல்லிக்குக் காது கேட்கவில்லையாம்.

"அக்கா... உள்ளே."

கைப்பிடியை இன்னும் இறுக்கினாள். செத்தாலும் விட மாட்டேன்!

வேறு யாராக இருந்தாலும் சுவர்ப் பக்கமாகச் சுற்றித் தாண்டியிருப்பார்கள். புனிதா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மூத்தவளை இடித்துக்கொண்டு போனவள் இல்லை. மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை, பேசாமல் பின்னாலேயே வந்தாள். மரகதவல்லி வாயைப் பிளந்துகொண்டு, மூச்சுக்கு மீறி ஓடினாள்.

மொட்டைமாடியில் முதல் கால் அவளுடையதுதான். பாட்டிலைப் பாய்ந்து எடுத்தாள். திருகித் திருகிப் பார்த்தாள், மூடி திறக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புனிதா பாட்டிலை வாங்கித் திறந்து, "இந்தாங்கக்கா" என்று நீட்டினாள்.

மரகதவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரோஸ்லின் கடிகாரத்தைப் பார்த்தாள். "மும்பைக்குப் புனிதாம்மா."

"என்ன அநியாயம் இது! முதல்ல வந்தது நான்!"

"முதல்ல கிளம்பினதும் நீங்கதானேம்மா. ஒரு நிமிஷம் கழிச்சுக் கிளம்பினவங்க, உங்க முதுகோட ஒட்டி வந்து நிக்கிறாங்க."

கடிகாரம் என்று ஒன்று இருப்பதே மரகதவல்லிக்கு மறந்து போயிருந்தது. வழியெல்லாம் பின்னால் வந்தவள் ஞாபகம்தான். ஆத்திரமும் வெட்கமுமாக அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் வழி விட்டிருந்தா, மாஸ்டர்? இடம் எனக்குக் கிடைச்சிருக்குமா?"

"கிடைச்சிருக்காதும்மா. மூச்சு மிஞ்சியிருக்கும். அந்தத் தண்ணியை வாங்கிக்குங்க, எவ்வளவு நேரமா நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. கை வலிக்கும்."