இமையில்லாத வரிச்சி கண்ணை மூடிய கதை

மீனும் மனிதரும் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்ட அந்தக் காலத்தில், ஊசிக்கரட்டு அடிவாரச் சுனையில் வரிச்சி என்றொரு மீன் இருந்தாள். மஞ்சள் உடம்பில் கறுப்பு வரிகள். மிளகாய்ப்பழ நிறத்தில் இரண்டு கண்கள். அந்தக் கண்களைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லையென்று சொல்ல முடியாது.

மூன்று வருஷம் மழை பொய்த்தது. சுனை நாளுக்கு நாள் சுருங்கி, வரிச்சியின் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று நெளிந்தன. பின்னாலிருந்த குகையிலிருந்து மட்டும், ஒரு மீன் ஏறிப்போகும் அளவுக்குத் தண்ணீர் வழிந்தது. இது எங்கிருந்து வருகிறது? வரிச்சியால் கேட்காமல் இருக்க முடியவில்லை. குகை வாயருகே போய்க் கேட்டாள்.

உள்ளிருந்து இருட்டு பதில் சொன்னது: "இங்கே வற்றாத குளம் இருக்கிறது. ஆனால் திறந்த கண்ணோடு யாரும் வரக்கூடாது. கண் மினுங்கினால் எனக்குக் கூசும்."

ஆடு மேய்க்கிற பூவாத்தா அப்போது தண்ணீர் மொள்ள வந்தாள். வரிச்சி அவளிடம் யோசனை கேட்டாள்.

"இதென்ன பெரிய காரியமா? கண்ண மூடிக்கிட்டுப் போயிரு ஆத்தா. என்ற பையன் நெதம் அப்படித்தான தூங்கறான்!"

வரிச்சி உடனே இருட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். பிறகுதான் மூடிப்பார்த்தாள். முடியவில்லை. மீனுக்கு ஏது இமை? பூவாத்தாளும் பாவம், தன் முகத்தை வைத்துத்தானே யோசனை சொல்ல முடியும்?

மறுநாள் ஒரு குஞ்சு செத்து மிதந்தது. வரிச்சி தன் தோலிடம் கேட்டாள்: "நீ வந்து கண்ணை மூடுகிறாயா?"

"மூடினால் திறக்க வராது. யோசித்துக்கொள்."

வரிச்சி மற்றக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "மூடு," என்றாள்.

தோல் வளர்ந்து கண்களை மூடியது. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு குகைக்குள் ஏறினாள். அவற்றின் கண்கள் திறந்தேதான் இருந்தன. இருட்டுக்குக் கூசத்தான் செய்தது. "சின்னஞ்சிறுசுகள். சில நாள் போகட்டும், பொறுத்துக்கொள்கிறேன்," என்றது.

உள்ளே தண்ணீர் ஆழமாக, குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் எந்தக் குஞ்சு எங்கே என்று வரிச்சிக்குத் தெரியவில்லை. தேடித் தேடிப் பாறையில் மோதி மூக்கு வீங்கியது. தோலுக்குப் பொறுக்கவில்லை. பார்க்க ஆளில்லாத இடத்தில் மஞ்சள் எதற்கு, வரி எதற்கு? அவற்றை உதறிவிட்டு, அந்தத் தெம்பையெல்லாம் மீசை வளர்ப்பதில் போட்டது. விரல் நீளத்துக்கு மீசைகள் முளைத்தன. அதன்பிறகு ஒரு குஞ்சு வாலை அசைத்தால் போதும், எது, எவ்வளவு தூரத்தில் என்று அம்மாவுக்குத் தெரிந்தது.

மழை வந்து சுனை நிறைந்தும் வரிச்சி திரும்பவில்லை. மீனுக்கு இமையில்லை என்று பிறகுதான் உறைத்த பூவாத்தாளுக்கு மனசு கேட்கவில்லை. தீப்பந்தத்தை வெளியே வைத்துவிட்டுத் தடவித் தடவி உள்ளே போய், தண்ணீரை இரண்டு முறை தட்டினாள். ஒரு மீசை அவள் விரலைத் தொட்டது.

"அக்காவா?"

"நாந்தான் ஆத்தா. தெரியாமச் சொல்லிப்போட்டேன், மன்னிச்சுக்க."

"எதுக்கு? நீங்க சொன்னபடி மூடிக்கிட்டுத்தானே வந்தேன்."

அன்று தொட்டுத்தான் அந்தக் குகைமீனின் குஞ்சுகள் கண்ணோடு பிறந்து, சில நாளில் மூடிக்கொள்கின்றன. ஊசிக்கரட்டுப் பெண்களும் பந்தத்தை வெளியே வைத்துவிட்டுத் தண்ணீரை இரண்டு முறை தட்டி, விரலில் மீசை பட்ட பிறகே குடத்தை இறக்குகிறார்கள்.