சங்கு மாறும் நாளில் கோட்டைச்சாமி

கடல்தண்ணீர் உள்ளே வந்து வந்து போகும் அலையாத்திக் காடு ஒன்று இருந்தது. அங்கே மரத்தின் வேர்களுக்கு நடுவே, சேற்றில், கோட்டைச்சாமி என்றொரு நண்டு வாழ்ந்துவந்தான். பெயரைக் கேட்டு மிரண்டுவிடாதீர்கள், பிள்ளைகளே! ஆள் ஒரு நெல்லிக்காய் அளவுதான். முன்பக்கம் பார்த்தால் கொடுக்கும் மிடுக்குமாக இருப்பான். பின்பக்கமோ பழுத்த வாழைப்பழம் மாதிரி கொழகொழவென்று இருக்கும்.

அந்தப் பின்பக்கத்தை மறைக்க, காலிச் சங்கு ஒன்றைத் தேடிப்பிடித்து அதற்குள் புகுந்துகொள்வது அவன் இனத்தின் வழக்கம். உடம்பு வளர வளர, கொஞ்சம் பெரிய சங்காகப் பார்த்து மாறிக்கொள்வார்கள்.

ஒருநாள் கோட்டைச்சாமி ஓடைக்கரையில் காலாற நடந்துகொண்டிருந்தான். ஒரு மடவை மீன் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி, "என்னப்பா கோட்டைச்சாமி, சௌக்கியமா?" என்றது.

"சௌக்கியந்தான்..." என்று வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். மீன் அவனைப் பார்க்கவே இல்லை. போன மழைக்காலத்தில் அவன் கழற்றிப்போட்ட சங்கில் வேறொரு நண்டு குடியிருந்தது. அதைப் பார்த்துத்தான் மீன் நலம் விசாரித்தது!

"அட, நான் இங்கல்லவா இருக்கேன்!" என்று கத்தினான் கோட்டைச்சாமி.

மீன் அவனை ஏற இறங்கப் பார்த்தது. "நீங்க யாரு? ஊருக்குப் புதுசா?" என்று கேட்டுவிட்டு நீந்திப் போய்விட்டது.

கோட்டைச்சாமிக்குச் சுருக்கென்றது. 'அடச்சே! சங்கைக் கழற்றினால் பெயரும் கூடவே கழன்றுவிடுமா? அப்படியென்றால் நான் யார்?' என்று யோசித்தான். 'சேற்றைக் கிளறிப் பிழைக்கிற பயலுக்கு இந்தக் கேள்வி ஒரு கேடா?' என்று தன்னைத்தானே திட்டியும் பார்த்தான். கேள்வி போகவில்லை. அன்றைக்குச் சாப்பாடும் இறங்கவில்லை.

கரையில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்த கொக்கிடம் போனான். சும்மா இல்லை, கொத்த முடியாத தூரத்தில் நின்றுகொண்டு, "சாமி, நான் யாருன்னு நீங்கதான் சொல்லணும்" என்றான்.

கொக்கு கண்ணைத் திறக்காமலே பேசியது. "சங்கு நீயில்லை. கொடுக்கு நீயில்லை. காலும் நீயில்லை. இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வா. தள்ள முடியாமல் எது மிஞ்சுகிறதோ, அதுதான் நீ."

கோட்டைச்சாமி ஒவ்வொன்றாகத் தள்ளினான். கடைசியில் மிஞ்சியது பசிதான். 'நல்ல ஆளப்பா நான்! தோண்டிப் பார்த்தால் உள்ளே வெறும் வயிறுதான் இருக்கிறது' என்று நொந்துகொண்டான்.

அடுத்து உள்ளான் குருவியைத் தேடிப் போனான். மேற்கேயிருந்து எத்தனையோ மலை, கடல் தாண்டி, குளிருக்குத் தப்பி அங்கே வந்திறங்கிய பறவை அது.

"எங்க பக்கம் இதையெல்லாம் எப்பவோ யோசிச்சாச்சு" என்றது உள்ளான். "எல்லாத்தையும் சந்தேகப்படு. சங்கு இருக்கா? சந்தேகம். கடல் இருக்கா? சந்தேகம். ஆனா சந்தேகப்படுற ஒருத்தன் இருக்கானே, அதுல சந்தேகம் உண்டா? அவன்தான் நீ!"

கோட்டைச்சாமிக்கு ஒரே குஷி. புரிந்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு பாதி வழி வந்தான். பிறகு, 'நிஜமாகவே எனக்குப் புரிந்ததா?' என்று அதிலும் சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியாக, மனசைப் படிப்பதில் பெயர்பெற்ற நீர்நாயிடம் போனான். "மல்லாந்து படு" என்றது நீர்நாய். "உன்னோட முதல் சங்கைப் பத்திச் சொல்லு. ரொம்ப இறுக்கமா இருந்துச்சா? உள்ளே பயந்துக்கிட்டே கிடந்தியா?"

அவ்வளவுதான், மனசில் கிடந்ததையெல்லாம் கொட்டி ஓவென்று அழுதான் கோட்டைச்சாமி.

"பயத்தைத்தான் நீ சங்கா மாட்டிக்கிட்டுத் திரியற. ஒருதரமாவது அதைவிட்டு வெளிய வந்து, உன்னை நீயே பாரு" என்றது நீர்நாய்.

அவனுக்கு மனசு லேசாகிவிட்டது. ஆனால் மல்லாந்தவனால் எழுந்திருக்கத்தான் முடியவில்லை. நீர்நாய்தான் மூக்கால் நெம்பிப் புரட்டிவிட்டது.

மூன்று பேர் சொன்னதிலும் தப்பில்லை, பிள்ளைகளே. ஆனால் மிளகளவு தலைக்குள் மூன்றையும் ஒன்றாகத் திணித்தால் என்ன ஆகும்? "அண்ணே" என்று யாராவது கூப்பிட்டால்கூட, "எந்த அண்ணன்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான்.

இந்த நேரம் பார்த்து, அலை ஒரு பெரிய காலிச் சங்கைக் கரையில் ஒதுக்கிவிட்டுப் போனது.

இந்த நண்டுகளிடம் ஓர் அருமையான வழக்கம் உண்டு. புதுச் சங்கு வந்தால் யாரும் அடித்துக்கொள்ள மாட்டார்கள். பெரியவர் முதல் சிறியவர் வரை வரிசையாக நிற்பார்கள். முதல் ஆள் புதுச் சங்குக்குள் போவார். அவர் விட்ட சங்குக்குள் இரண்டாவது ஆள். அவர் விட்டதில் அடுத்த ஆள். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட வேண்டும். மாறும்போது எல்லாருடைய பின்பக்கமும் அம்மணமாக இருக்குமே! மேலே பருந்து வேறு வட்டமிடும்.

அன்றைய வரிசையில் கடைசிக்கு முந்தின ஆள் கோட்டைச்சாமி. கடைசி ஆள் பேச்சி. பாவம், கல் உருண்டு அவள் சங்கு உடைந்துபோயிருந்தது. வயிற்றிலே கொத்தாக முட்டைகள். இன்றைக்குச் சங்கு மாறாவிட்டால் முட்டையெல்லாம் வெயிலில் காய்ந்துவிடும். கோட்டைச்சாமி விடப்போகும் சங்கைத்தான் அவள் மலைபோல் நம்பியிருந்தாள்.

"மாறுங்க!" என்று முதல் நண்டு குரல் கொடுத்தது. டக், டக், டக்கென்று முன்னால் நின்றவர்கள் எல்லாரும் மாறினார்கள். கோட்டைச்சாமியும் தன் சங்கைவிட்டு வெளியே வந்தான். பேச்சியும் தன் உடைந்த சங்கை உதறிவிட்டு வந்தாள்.

வெளியே வந்த கோட்டைச்சாமி அப்படியே நின்றுவிட்டான். ஒரு கொடுக்கில் பழைய சங்கு. இன்னொரு கொடுக்கில் அடுத்த சங்கு.

'ஆகா! இதிலும் நான் இல்லை, அதிலும் நான் இல்லை. நடுவில் நிற்கிறேனே, இதுதான் கலப்படமில்லாத நான்!' என்று புல்லரித்துப்போனான். தன்னை முழுசாகப் பார்த்துவிடலாம் என்று கழுத்தைத் திருப்பினான். முதுகு தெரியவில்லை. இரண்டு சங்கையும் விடாமல், அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அண்ணே, பழைய சங்கை விடுங்கண்ணே! நான் ஏறணும்!" என்றாள் பேச்சி.

"கொஞ்சம் பொறு, தாயி. நான் யாருன்னு இப்பத்தான் பிடிபடுது."

"அதை உள்ள போய்ப் பிடிங்களேன்! மேல பருந்துண்ணே!"

"பருந்து இருக்கா? அதுவே சந்தேகம்..."

சேற்றின்மேல் நிழல் விழுந்தது. விழுந்த நிழல் பெரிதாகிக்கொண்டே வந்தது. சங்குக்குள் இருந்தவர்களெல்லாம், "டேய் பாவி, நகருடா!" என்று கூக்குரல் போட்டார்கள். பேச்சி முட்டைகளைக் கால்களால் பொத்திக்கொண்டு அழுதாள். சங்கை இழுத்துப் பார்த்தாள். அவன் பிடி தளரவில்லை. அழுகை போய் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"யோவ் அண்ணே! நீங்க யாருன்னு எனக்குத் தெரியும்யா! எனக்கு முன்னாடி நிக்கிற ஆளு! நகருங்க!" என்று கத்தி, அவனுடைய கொழகொழப் பின்பக்கத்தில் கொடுக்கால் போட்டாள் பாருங்கள் ஒரு கிள்ளு!

"ஐயோ, என்னைக் கிள்ளிட்டா!" என்று அலறிக்கொண்டு கோட்டைச்சாமி அடுத்த சங்குக்குள் பாய்ந்தான். கிள்ளு வாங்கியது யார் என்பதில் அவனுக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. அதே நொடியில் பேச்சி அவன் விட்ட சங்குக்குள் நுழைந்து வாசலை அடைத்துக்கொண்டாள். பருந்து பாய்ந்தது. அதன் நகத்தில் சிக்கியது பேச்சியின் உடைந்த சங்குதான்.

பருந்து போய் வெகுநேரம் கழித்து, கோட்டைச்சாமி மெல்லத் தலையை நீட்டினான்.

"முட்டையெல்லாம் பத்திரமா, தாயி?"

"பத்திரமா இருக்குண்ணே. உங்களுக்கு வலிக்குதா? ஆத்திரத்துல அழுத்திட்டேன்."

"வலிக்கட்டும். எனக்கு அது வேணும்."

பேச்சி முட்டைகளை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "சரி, தெரிஞ்சுதா நீங்க யாருன்னு?" என்று கேட்டாள்.

"நல்லாவே தெரிஞ்சுபோச்சு" என்றான் கோட்டைச்சாமி. "ஒரு பிள்ளைத்தாச்சியைப் பருந்துக்குக் கீழே நிக்க வச்சுட்டு, தன் முதுகைத் தானே பார்க்கச் சுத்திச் சுத்தி வந்தானே ஒரு மடையன், அவன்தான் நான்."

நீதி: தன்னைத் தேடுவது நல்லதே, ஆனால் பின்னால் நிற்பவருக்கு வழிவிட்டு நின்று தேடு.