கத்தியின் பச்சைப் பக்கம்

"உஸ்தாத், பதினோரு தடவை செஞ்சு பாத்துட்டேன். ரெண்டு பக்கமும் ஒண்ணா வரவே மாட்டேங்குது!"

ஞானசிகாமணி அந்த மடக்குக் கத்தியைச் சுலைகாவின் முன்னால் வைத்தார்.

அவருக்கு அறுபத்தொன்று. அவளுக்கு முப்பத்து நான்கு. ஒன்பதாம் வகுப்பில் அறிவியலில் அவளை ஃபெயில் ஆக்கிய வாத்தியார், ஓய்வு பெற்ற மறு மாதமே கத்திப் பிடி எலும்புக்குச் சாயம் ஏற்றக் கற்றுக்கொள்ள அவள் பட்டறைக்கே வந்து நின்றார். அவளைக் குரு என்ற பொருளில் 'உஸ்தாத்' என்று கூப்பிட அவருக்கு வெட்கமும் இல்லை, பழையதை நினைத்து அவளுக்குக் கோபமும் இல்லை. ஊர்தான் ஒரு வாரம் விழுந்து விழுந்து சிரித்தது.

கத்தி பொன்னழகுவுடையது. மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுகிறவர். இருபது வருஷமாகக் கையிலேயே கிடந்த கத்தி, கிணற்று மேட்டில் விழுந்து, கைப்பிடியின் ஒரு பக்க எலும்பு சிதறிவிட்டது.

மறுபக்கம் பிழைத்துக்கொண்டது. ஒரு காலத்தில் கிளிப்பச்சை. இப்போது ஓரமெல்லாம் வெளிறி, கட்டைவிரல் படிகிற இடத்தில் வெள்ளை எலும்பே தெரிந்தது.

உடைந்த பக்கத்துக்குப் புது எலும்பு போடுவதுதான் ஞானசிகாமணிக்குக் கிடைத்த முதல் தனி வேலை. அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் வேலையைக் கத்திக்காரர் வேண்டாமென்று திருப்பிவிட்டால், செய்தவர் இன்னொரு வருஷம் எருமை எலும்பைச் சோடா போட்டு வேகவைத்துக் கொழுப்பு எடுக்க வேண்டும்.

"இன்னொரு வருஷம்னா என் வீட்டுக்காரி மரகதம் என்னைத் தொழுவத்துல படுக்க வெச்சிருவா, உஸ்தாத். இப்பவே இந்த நாத்தத்துக்குக் கொல்லையில ரெண்டு தடவை குளிச்சாத்தான் வீட்டுக்குள்ள விடுறா."

"என்ன செஞ்சீங்க சார்?"

"சாயம் சரி. சூடு சரி. எத்தனை நிமிஷம்னு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். அப்புறம் பழைய பக்கத்தைப் பாத்துப் பாத்து உப்புத்தாள் போட்டேன். அந்தக் கட்டைவிரல் வெளுப்பு இருக்கே, அச்சு அசலா இங்கயும் விழுந்திருக்கு. ஆனா கையில எடுத்தா என்னமோ பொய்யா இருக்கு."



சுலைகா விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தாள். அவர் வலது உள்ளங்கை முழுக்கப் பூசினாள். பிறகு, இன்னும் சாயம் காணாத வெள்ளைப் பிடி போட்ட கத்தி ஒன்றையும் ஒரு கொய்யாக்காயையும் நீட்டினாள்.

"வெட்டுங்க சார்."

வெட்டினார்.

"கத்தியை ரெண்டு பக்கமும் பாருங்க."

ஒரு பக்கம், கட்டைவிரலின் கறுப்பு வட்டம். திருப்பினார். அந்தப் பக்கம் நான்கு விரல்கள் வரிசையாகப் பதிந்திருந்தன.

ஞானசிகாமணி கரிக்கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! பொன்னழகுக்கு ஒரே கையில ரெண்டு கட்டைவிரல் வெச்சுட்டேனே!"

சுலைகா சிரித்தாள். அவரும் சிரித்தார். வழுக்கையில் கரி வழிய வழிய, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

சிரித்து முடிந்ததும் அவர் பரபரப்பாக அளவுகோலை எடுத்தார்.

"இப்பப் புரிஞ்சிருச்சு. இந்த நாலு விரலையும் அளந்து, அப்படியே அதுல..."

"யார் விரலை சார்?"

அவர் தன் கையைப் பார்த்தார். அது பொன்னழகுவின் கை இல்லை. அளவுகோலைக் கீழே வைத்தார்.

கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, கழிவு டப்பாவைக் கிளறி, முதல் தடவை செய்ததைத் தேடி எடுத்தார். உப்புத்தாள் படாத முழுப் பச்சை. பளபளவென்று இருக்கிறதே என்று அவரே தூக்கிப் போட்டது. அதைப் பொருத்தி ஆணி அடித்தார்.

சுலைகா தடுக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை.

நாலு மணிக்குப் பொன்னழகு வந்தார். கத்தியை வாங்கி இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார்.

"என்ன சார் இது? இந்தப் பக்கம் கிழவன், அந்தப் பக்கம் புது மாப்பிள்ளையா?"

ஞானசிகாமணி திரும்பினார். உதவிக்குச் சுலைகாவைத் தேடினார். அவளோ அவசர வேலை வந்தவள்போல் எழுந்து சாயச் சட்டியைக் கிளறப் போய்விட்டாள்.

"பதில் சொல்லுங்க சார். இது எப்ப அது மாதிரி வெளுக்கும்?"

ஞானசிகாமணி நோட்டைத் திறக்கவில்லை.

"நாளைக்கு எத்தனை ஒட்டுக் கட்டப் போறீங்க?"

"எம்பது கட்டணும்."

"அப்ப நாளைக்கு எம்பது ஒட்டு அளவுக்கு வெளுக்கும்."

பொன்னழகு கத்தியைச் சரியாகப் பிடித்தார். பச்சைப் பக்கத்தில் நாலு விரலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. ஒருமுறை அழுத்திப் பார்த்தார். முகமெல்லாம் பல்லானது.

"அடேயப்பா, எனக்குக் கொள்ளை வேலை கிடக்கே!" என்றபடி கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.